அடுத்த சீடி எப்ப வரும்?

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “நெட்ஃபிளிக்ஸில் ‘ஜூபிட்டர்ஸ் லெகசி’ என்ற சூப்பர் ஹீரோ தொடரின் எட்டு எபிசோடும் ஒரு கிழமைக்குள் பார்த்து முடித்தேன். கடைசியில் பெரிய முடிச்சு ஒன்றைப் போட்டுவிட்டு நிற்கிறது. இரண்டாம் சீசன் எங்கே என்று தேடினால் 2021 இலேயே நிறுத்திவிட்டார்களாம். இவ்வளவு பேர் பார்த்த தொடரை ஏன் நிறுத்தினார்கள்? பார்த்தவர்கள் அவ்வளவு கத்தியும் ஏன் எதுவும் நடக்கவில்லை?”

உங்கள் கோபம் எனக்கு நன்றாக விளங்குகிறது. ஆனால் தம்பி, கணக்குக் கொப்பியை வைத்திருந்தவர்களைப் பொறுத்தவரை நீங்கள் அந்தத் தொடரைப் பார்க்கவே இல்லை. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

நான் இதைப்பற்றிக் கதைக்கக் காரணம் உண்டு. 2003 இலிருந்து ஒன்பது வருடம் யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்திக்குக் கிட்ட சீடி கடை வைத்திருந்தேன். எல்லாம் ஒரிஜினல் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள், ஆகவே சொல்லவில்லை. கொழும்பு புறக்கோட்டையில் வாங்கி, லொறியில் போட்டு, ஓமந்தை, முகமாலை சோதனைச் சாவடிகளில் இறக்கி ஏற்றி வந்து சேரும். வாடகைக்குக் கொடுப்பதை ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதுவேன்: திகதி, பெயர், எந்த சீடி, திரும்பி வந்ததா. அந்தக் கொப்பியை வைத்து எத்தனை தொடர்களை நானே கழுத்தை நெரித்திருக்கிறேன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் உங்கள் தொடர். 2021 மே 7 அன்று வெளியானது. மார்க் மில்லர் எழுதி ஃபிராங்க் குவைட்லி வரைந்த காமிக்ஸ்தான் மூலக்கதை. மில்லரின் கொம்பனியையே நெட்ஃபிளிக்ஸ் 2017 இல் விலைக்கு வாங்கியிருந்தது. அந்தக் கொள்வனவிலிருந்து வெளிவந்த முதல் தொடர் இது, அதனால் பெரிய எதிர்பார்ப்பு. ஆனால் படப்பிடிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே, 2019 இல், தொடரைப் பொறுப்பெடுத்து நடத்திய ஸ்டீவன் டிநைட் விலகிப் போனார். நெட்ஃபிளிக்ஸின் ‘டேர்டெவில்’ தொடரின் முதல் சீசனை நடத்தியவரும் அவர்தான். பிறகு சாங் கியு கிம் வந்து முடித்தார். பாதியில் மேசன் மாறின வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். காமிக்ஸில் சில பக்கங்களில் முடிகிற, நாயகர்கள் சக்தி பெறப் போகிற அந்த 1930களின் தீவுப் பயணத்தை எட்டு எபிசோடுக்கு இழுத்தார்கள். எனக்குக் கேட்டால், அது அவ்வளவு நல்ல தொடர் இல்லை. கடைசி எபிசோடில் நாயகனின் சகோதரன் வால்டரின் உண்மை முகம் தெரிகிற இடம் மட்டும் நன்றாக இருந்தது. பசி எடுக்கிற நேரம் பார்த்து இலையை எடுத்துவிட்டார்கள் என்பதுதான் எல்லாருக்கும் வந்த எரிச்சல்.

ஜூன் 2 ஆம் திகதி, நடிகர்களை ஒப்பந்தத்திலிருந்து விடுவித்தாயிற்று என்று செய்தி வந்தது. வெளியாகி 26 நாள். இந்த எண்ணை நினைவில் வைத்திருங்கள்.

2019 இல் நெட்ஃபிளிக்ஸ் பிரித்தானிய நாடாளுமன்றத்தின் பிரபுக்கள் சபைக் குழு ஒன்றுக்குத் தன் கணக்கு முறையை விளக்கியது. ஒரு தொடரை எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் ஒரு எபிசோடில் 70 வீதமாவது பார்த்தார்கள், எத்தனை பேர் சீசனில் 90 வீதம் வரை போனார்கள் என்று மூன்று வகையாகப் பிரிப்பார்களாம். முதல் 7 நாளிலும் முதல் 28 நாளிலும் இந்த எண்கள் எங்கே நிற்கின்றன என்று பார்ப்பார்கள். ‘முதல் பத்து’ பட்டியலில் ஒரு தொடர் மேலே நிற்பதைக் கண்டுவிட்டு “இவ்வளவு பேர் பார்த்தார்களே” என்கிறோம். அந்தப் பட்டியல் அப்போது காட்டியது வாசலுக்கு வந்த கூட்டத்தை. வந்தவர்களில் எத்தனை பேர் பந்தி முடியும்வரை இருந்தார்கள் என்ற எண் உள்ளே இருக்கிறது. பணம் போடுகிறவன் பார்ப்பது உள்ளே இருக்கிற எண்ணைத்தான். உங்கள் தொடருக்கு அந்த 28 நாள் முழுதாக முடியவும் இல்லை, முடிவு எடுத்தாயிற்று. நீங்கள் எப்போது பார்த்தீர்கள்? வருடங்கள் கழித்து.

இனி என் கொப்பிக்கு வருகிறேன். முகமூடி போட்ட ஒருவன் இரவில் ஊரைக் காக்கிற தொடர் ஒன்று, ஆறு சீடி. பெயர் வேண்டாம். அந்தக் காலத்தில் முழுத் தொடரையும் ஒன்றாக வாங்க என்னிடம் காசு இல்லை, ஒவ்வொன்றாகத்தான் எடுப்பேன். முதல் சீடி 31 தரம் வாடகைக்குப் போனது. எனக்குச் சரியான சந்தோசம். இரண்டாவது 19. மூன்றாவது 7. நாலாவதை நான் வாங்கவில்லை. அந்தக் காசுக்கு ஒரு விஜய் படம் வாங்கினால் ஒரு கிழமையில் முதல் திரும்பிவிடும். அந்த ஏழு பேரும் என்னைத் திட்டினார்கள். ஒருவர் முகத்துக்கு நேரே, “மூன்று சீடிக்கும் வாடகை வாங்கும்போது உமக்குத் தெரியாதோ?” என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. கொப்பியைத் திருப்பிக் காட்டினேன். அவர் கொப்பியைப் பார்க்கவே இல்லை. அவருக்கு அந்தக் கணக்கு எதற்கு? அவர் பார்த்தார், அவருக்குப் பிடித்தது, அவ்வளவுதான். 

இன்னொருவர் இருந்தார். தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா. கடையில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த ரசிகர் அவர்தான். சீடியைக் கீறாமல், உறையோடு, சொன்ன நாளில் கொண்டுவந்து தருவார். ஆனால் பாதியில் நிற்கிற கதையை அவருக்குப் பிடிக்காது. “எல்லாம் வந்தாப்பிறகு மொத்தமாத் தாரும் தம்பி, இருந்து வடிவாப் பார்ப்பம்” என்பார். அந்த முகமூடிக்காரனுக்காகவும் அவர் காத்துக்கொண்டிருந்தார். என் கொப்பியில் அந்தத் தொடருக்கு எதிரே அவருடைய பெயர் ஒரு இடத்திலும் இல்லை. அவர் முதல் மூன்றையும் எடுத்திருந்தால் நான் நாலாவதை வாங்கியிருப்பேனா? தெரியாது, ஒருவேளை வாங்கியிருப்பேன். அவர் காத்திருந்ததால் அது வரவில்லை. அது வராததால், காத்திருந்தது சரிதான் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

இப்போது உலகம் முழுவதும் நடப்பது இதுதான். ஒரு தொடரை இடையில் வெட்டியதும் பார்வையாளர்களிடமிருந்து வருகிற முதல் சத்தியம் “இனிமேல் முழுக்க முடிந்த தொடரைத்தான் தொடுவேன்” என்பது. நியாயமான சத்தியம். ஆனால் அப்படிச் சத்தியம் செய்தவர்கள் கூடக்கூட, அடுத்த புதுத் தொடரின் முதல் 28 நாள் காலியாகிக்கொண்டு போகிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற கதை. இதில் பிழை பார்வையாளன்மேல் இல்லை. முதலில் நம்பிக்கையைக் கெடுத்தது கொம்பனிகள்தான்.

செலவைப் பற்றி ஒரு வார்த்தை. தயாரிப்புச் செலவுக்கு மேலே ஒரு பங்கு சேர்த்து முன்கூட்டியே கொடுத்துவிடுவது நெட்ஃபிளிக்ஸின் வழமை. சீசன் கூடக்கூட நடிகர் சம்பளமும் மற்றக் கொடுப்பனவுகளும் ஏறும். புதுச் சந்தாக்காரரை இழுக்கிற சக்தியோ குறையும். சூப்பர் ஹீரோ தொடர் என்றால் பறப்பதற்கும் இடிப்பதற்கும் கிராஃபிக்ஸ் செலவு வேறு. குடும்பக் கதை என்றால் ஒரு வீட்டைப் பிடித்து எடுத்து முடித்துவிடலாம்.

அடுத்து, கத்தியதால் என்ன நடந்தது என்ற கேள்வி. கத்தலிலும் வகை இருக்கிறது.

2019 மே 31 அன்று ‘ஸ்வாம்ப் திங்’ என்ற தொடர் டிசி காமிக்ஸின் டிசி யூனிவர்ஸ் தளத்தில் தொடங்கியது. முதல் எபிசோட் வந்து ஒரு கிழமை ஆகவில்லை, நிறுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள். 13 எபிசோடாகத் திட்டமிட்டதைப் படப்பிடிப்பின்போதே 10 ஆகக் குறைத்திருந்தார்கள். பிறகு ஓகஸ்ட் தொடக்கம் வரை கிழமைக்கு ஒன்றாக மிச்சத்தை வெளியிட்டார்கள். செத்த வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையின் சாதகத்தை வாசித்த மாதிரித்தான் ரசிகர்கள் அதைப் பார்த்தார்கள். காரணம் ஒன்றும் சொல்லாததால் ஆளாளுக்கு ஒரு காரணம் கட்டினார்கள். வட கரோலைனா மாநிலம் கொடுக்க வேண்டிய வரிச் சலுகைக் காசில் கணக்குப் பிழை என்று ஒரு கதை தீயாகப் பரவியது. அந்த மாநிலத்தின் திரைப்பட அலுவலகம் மறுத்தது, கேட்பார் இல்லை. ஆத்திரத்தில் இருக்கிறவனுக்குக் காரணம் வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பிற்பாடு பார்த்தால் அந்தத் தளமே நிலைக்கவில்லை. 2021 தொடக்கத்தில் அதைக் காமிக்ஸ் மட்டும் வாசிக்கிற இடமாக மாற்றிவிட்டார்கள். முழுக் கட்டடமும் ஆடிக்கொண்டிருக்கும்போது ஒரு அறைக்கு மட்டும் சண்டை பிடித்து என்ன செய்வது?

‘டேர்டெவில்’ கதை வேறு. மூன்றாம் சீசன் 2018 ஒக்டோபர் 19 இல் வந்தது. நல்ல பெயர். 41 நாளில், நவம்பர் 29 அன்று, நிறுத்திவிட்டார்கள். இதில் பார்வையாளர் எண் மட்டும் காரணமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அந்தப் பாத்திரங்களின் சொந்தக்காரரான டிஸ்னி தனக்கென்று ஒரு தளத்தைத் தொடங்க ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. அதே காலத்தில் ‘அயன் ஃபிஸ்ட்’, ‘லூக் கேஜ்’, பிறகு 2019 பெப்ரவரியில் ‘பனிஷர்’, ‘ஜெசிகா ஜோன்ஸ்’ என்று ஒவ்வொன்றாக விளக்கை அணைத்தார்கள். பழைய ஒப்பந்தப்படி இரண்டு வருடத்துக்கு அந்தப் பாத்திரங்களை வேறு இடத்தில் பாவிக்க முடியாது என்று செய்திகள் சொன்னன. இந்த ரசிகர்கள் செய்த கெட்டித்தனம் என்னவென்றால், அந்த இரண்டு வருடமும் சத்தத்தை அடங்க விடவில்லை. தூசணம் கொட்டவில்லை. ‘டேர்டெவிலைக் காப்பாற்றுங்கள்’ என்ற ஒரே கோசத்தோடு ஒழுங்காக நின்றார்கள். 2021 டிசம்பரில், டேர்டெவிலாக நடித்த சார்லி கொக்ஸ் ஸ்பைடர்மேன் படத்தில் ஒரு காட்சிக்கு வந்தார். 2025 மார்ச்சில் ‘டேர்டெவில்: போர்ன் அகெய்ன்’ டிஸ்னியில் தொடங்கியது. ஆறு வருடத்துக்கு மேல். கத்தியதால்தான் வந்தது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் வாங்க ஆள் காத்திருக்கிறது என்று கடைக்காரனுக்குத் தெரிந்திருந்தது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ‘யங் ஜஸ்டிஸ்’ என்ற கார்ட்டூன். கார்ட்டூன் நெட்வேர்க்கில் இரண்டு சீசன் ஓடி 2013 இல் நின்றது. காரணத்தைக் கேட்டால் உங்களுக்குச் சிரிப்பு வரும்: பொம்மை விற்கவில்லை. பொம்மைக் கொம்பனியின் காசில்தான் தொடர் ஓடியது, பொம்மை ஓடவில்லை, காசு நின்றது. பிறகு அது நெட்ஃபிளிக்ஸில் வந்தது. உருவாக்கியவர்களில் ஒருவரான கிரெக் வைஸ்மன் ரசிகர்களிடம் சொன்னது ஒன்றுதான்: திரும்பத் திரும்பப் பாருங்கள், மற்றவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்தார்கள். 2016 நவம்பரில் மூன்றாம் சீசன் அறிவித்தார்கள், 2019 ஜனவரியில் வந்தது. கொப்பி வைத்திருக்கிறவனிடம் கொப்பியின் மொழியிலேயே கதைத்தார்கள். மனுவில் கையெழுத்து வைப்பதற்கு ஒரு நிமிடம் போதும், காசும் இல்லை. பழைய தொடரைத் திரும்ப முழுதாக ஓடவிட்டால் அது அவனுடைய கணக்கில் போய் விழும்.

சரி, இதில் நாங்கள் எங்கே நிற்கிறோம்? இங்கேதான் எனக்கு ஒரு கசப்பு இருக்கிறது.

எங்கள் வீட்டில் நெட்ஃபிளிக்ஸ் ஓடுவது ரொறன்ரோவில் இருக்கிற சித்தியின் கணக்கில். 2023 இல் ஒரு வீட்டுக்கு ஒரு கணக்கு என்று கனடாவில் இறுக்கினார்கள் அல்லவா, அதற்குப் பிறகு இங்கே ரி.வி.யில் திறந்தால் சிலவேளை குறியீடு கேட்கும். அது சித்தியின் ஃபோனுக்குப் போகும். எங்களுக்குக் காலை பத்து மணி என்றால் அவவுக்கு கோடைகாலத்தில் இரவு பன்னிரண்டரை. மகன் “அம்மம்மா, நம்பர் வந்ததோ?” என்று கேட்க, அவ கண்ணாடியைத் தேடி எடுத்து, ஒவ்வொரு இலக்கமாக வாசித்து முடிக்கும்போது அது காலாவதியாகிவிடும். திரும்ப ஒரு தரம். ஒரு நாள் நாலாவது தரத்தில் திறந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பார்த்தது யாழ்ப்பாணத்துப் பெடியன். கணக்கு எழுதப்படுவதோ ரொறன்ரோவில் ஒரு அறுபத்தைந்து வயது மனுசியின் பெயரில். சித்தி சீரியல்கூட ஒழுங்காகப் பார்க்கமாட்டா, அவவுக்கு இப்போது “உங்களுக்குப் பிடிக்கும்” என்று கேப் போட்ட சூப்பர் ஹீரோக்களின் படமாக வந்து நிற்கிறது என்று முறைப்பாடு.

அதுவாவது பரவாயில்லை, ஏதோ ஒரு கொப்பியில் ஒரு கோடு விழுகிறது. பென் டிரைவில் வாங்கிப் பார்ப்பவர்களும் ரெலிகிராமில் இறக்கிப் பார்ப்பவர்களும் எந்தக் கொப்பியிலும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல என் வாய் வராது, நான் ஒன்பது வருடம் விற்றது அதைத்தான். 2022 மார்ச்சில் ‘டேர்டெவில்’ நெட்ஃபிளிக்ஸைவிட்டு டிஸ்னிக்குப் போனபோது, முறையாகக் காசு கட்டி டிஸ்னி பார்க்கிற வழியே எங்கள் நாட்டில் இருக்கவில்லை. கரண்ட்டும் நாளுக்குப் பல மணிநேரம் இல்லாத காலம் அது. சந்தா கட்டிப் பார்த்த நாலு பேரையும் வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். பிறகு “திருட்டுத்தனமாகப் பார்க்காதே” என்றால்? அதனால், “நாங்கள் இவ்வளவு பேர் பார்த்தோமே” என்று இங்கே யாராவது கோபப்படும்போது நான் பேசாமல் இருந்துவிடுவேன். பார்த்தது உண்மைதான். அது கொம்பனிகளுக்குத் தெரியாது.

இடையில் அறுந்த தொடர் எங்களுக்குப் புதிதும் இல்லை. கடையில் அதிகம் ஓடிய ஆங்கிலத் தொடர் ‘ஸ்மால்வில்’, இளவயதுச் சூப்பர்மேன் கதை. ஐந்தாம் சீசன் 2006 மே மாதம் அமெரிக்காவில் முடிந்தது. நாயகன் கிளார்க்கை ஃபாண்டம் ஸோன் என்ற சிறைவெளிக்குள் எறிந்துவிட்டு, லெக்ஸின் உடம்புக்குள் வில்லன் ஸொட் புகுந்து நிற்பதோடு கதை நின்றது. அதன் கடைசி சீடி ஜூலை கடைசியில் என் கைக்கு வந்தது. ஓகஸ்ட் 11 அன்று முகமாலையில் சண்டை தொடங்கி, யாழ்ப்பாணத்துக்கு வருகிற ஏ9 பாதை பூட்டுப்பட்டது. சீனிக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில் சீடியை யார் கொண்டுவருவது? ஆனாலும் கொக்குவிலில் இருந்து ஒரு பெடியன், அப்போது ஓ.எல். படித்தவன், ஊரடங்கு தளர்ந்த நேரமாகப் பார்த்து சைக்கிளில் வந்து கேட்பான்: “அண்ணை, அடுத்த சீடி எப்ப வரும்? கிளார்க் வெளியில வந்திட்டானோ?” மூன்றாம் தரமோ நாலாம் தரமோ கேட்டபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. கொழும்பில் ஒருவர் பார்த்துவிட்டு ஃபோனில் சொன்னதாக ஒரு முடிவைக் கட்டிச் சொன்னேன். தகப்பன் வந்து கதவைத் திறக்கிறார், கிளார்க் வந்து ஸொட்டை அடிக்கிறான், அப்படி இப்படி என்று. கண் வெட்டாமல் கேட்டுக்கொண்டு நின்றான்.

2010 இல் பாதை திறந்தபின் ஆறாம் சீசன் வந்தது. அவனும் வந்தான், மீசையோடு. எடுத்துக்கொண்டு போய் இரண்டு நாளில் திரும்பக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னான்: “அண்ணை, அண்டைக்கு நீங்கள் சொன்னது முழுப் பொய்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னான். பாதை பூட்டியபோது தொடர் எங்கேயோ ஓடிக்கொண்டுதான் இருந்தது, எங்களிடம் வரவில்லை, அவ்வளவுதான். உங்கள் தொடரின் இரண்டாம் சீசனை ஒருவரும் எடுக்கவே இல்லை. தேடி அலையாதீர்கள்.

ஆனால் கதைக்கு முடிவு இருக்கிறது, காமிக்ஸில். 2013 இல் தொடங்கிய அந்தக் கதையை 2017 இல் இரண்டாம் தொகுதியோடு முடித்திருக்கிறார்கள். தொடரைவிட வேகமான கதை, வால்டர் என்ன செய்கிறான் என்பதும் அதில் இருக்கிறது. இரண்டு தொகுதியும் என்னிடம் உண்டு, தமிழில் இல்லை, ஆங்கிலம்தான். இந்தப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து எடுத்துக்கொண்டு போங்கள். வாடகை இல்லை. கொப்பியில் பெயரையும் திகதியையும் எழுதிவிட்டுத்தான் தருவேன், பழக்கம் விடவில்லை.